விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு, செட்டிங்ஸில் இல்லாத கீபோர்டு ஒன்று பட்டியலில் வருகிறது

கேள்வி:
விண்டோஸ் 10 இருந்த கணினியை, ஃபைல் எதையும் அழிக்காமல் 11-க்கு அப்கிரேடு செய்தேன். இரண்டு தொல்லைகள் மிச்சம்.

விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் தட்டினால் மூன்று கீபோர்டு வருகின்றன: இங்கிலீஷ் இந்தியா, இங்கிலீஷ் யுஎஸ், தமிழ் 99. நடுவில் இருப்பதை நான் சேர்க்கவே இல்லை. செட்டிங்ஸிலும் இரண்டுதான் தெரிகிறது. இல்லாததை எங்கே போய் நீக்குவது? யுஎஸ் இங்கிலீஷைச் சேர்த்து, மறுபடி நீக்கினேன். மறைந்தது. ரீஸ்டார்ட் செய்ததும் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் மெமரி இன்டெக்ரிட்டியை (விண்டோஸின் மையப் பகுதிக்குள் தீய கோடு நுழையாமல் காக்கும் வசதி) ஆன் செய்ய முடியவில்லை. பொருந்தாத டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) என்று "ஓஇஎம்27.ஐஎன்எஃப்" காட்டுகிறது. எப்போதோ செருகிய 3ஜி டாங்கிளுடையது (இன்டர்நெட்டுக்கான யூஎஸ்பி கருவி). டிவைஸ் மேனேஜரில் அந்த டாங்கிளே இல்லை.

பதில் 1:
நீங்கள் நீக்கியது உங்கள் அக்கவுண்டில் மட்டும். பாஸ்வேர்டு கேட்கும் வெல்கம் ஸ்கிரீனுக்குத் தனியாக ஒரு கீபோர்டு பட்டியல் உண்டு. அப்கிரேடு அதையும் அப்படியே தூக்கி வந்துவிடும். கணினி எழும்போது முதலில் ஏறுவது அந்தப் பட்டியல்தான், பிறகு அது உங்கள் செஷனுக்குள்ளும் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு வருகிறது.

நீங்கள் செய்த சேர்த்து நீக்கும் வேலையை மறுபடி ஒருமுறை செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்யாமல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்வேஜ், லாங்வேஜ் அண்ட் ரீஜியன் போங்கள். அடியில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் லாங்வேஜ் செட்டிங்ஸ் இருக்கும். திறக்கும் பழைய பாணி ஜன்னலில் "காப்பி செட்டிங்ஸ்". அதில் உங்கள் அக்கவுண்ட், வெல்கம் ஸ்கிரீன், புதிய அக்கவுண்ட் என்று மூன்று பகுதி தெரியும். வெல்கம் ஸ்கிரீன் பகுதியில் இன்புட் லாங்வேஜ் எதிரே யுஎஸ் என்று இருந்தால் ஆள் அதுதான். கீழே உள்ள இரண்டு பெட்டிகளையும் டிக் செய்து ஓகே கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் காப்பி செய்வதற்கு முன் உங்கள் பட்டியலில் இங்கிலீஷ் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் 99 முதலில் இருந்தால் அதுவே வெல்கம் ஸ்கிரீனுக்கும் போகும். பாஸ்வேர்டு பெட்டியில் நீங்கள் அடிப்பது தமிழாக விழும், திரையில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் காரணம் புரியாது. அப்படி மாட்டினால் அங்கேயும் விண்டோஸ் கீ, ஸ்பேஸ் வேலை செய்யும்.

அதற்கும் அசையவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் திறக்கலாம். ஹெச்கீ யூசர்ஸ், டாட் டீஃபால்ட், கீபோர்டு லேஅவுட், ப்ரீலோடு. பெயரை வைத்து அது புதிய பயனருக்கான மாதிரி என்று நினைக்காதீர்கள். சிஸ்டம் அக்கவுண்டுடைய அமைப்பு அது. உள்ளே 1, 2 என்று வரிசை எண், எதிரே எட்டு இலக்கம். 00000409 யுஎஸ், 00004009 இங்கிலீஷ் இந்தியா. தமிழ் 99-இன் லேஅவுட் எண் 00020449. முதலில் அந்தக் கீயை (ரெஜிஸ்ட்ரியில் ஃபோல்டர் போன்றது) எக்ஸ்போர்ட் செய்து பிரதி வையுங்கள். 00000409 இருக்கும் வரியை நீக்கிவிட்டு, மிச்சத்தை 1-இலிருந்து இடைவெளி இல்லாமல் எண் மாற்றுங்கள்.

பக்கத்திலேயே சப்ஸ்டிட்யூட்ஸ் என்று ஒரு கீ இருக்கும். அதில் 00004009-க்கு எதிரே 00000409 இருந்தால், இங்கிலீஷ் இந்தியா என்ற பெயரில் யுஎஸ் கீபோர்டு ஓடுகிறது என்று பொருள். அது வேறு விஷயம், அவசரத்தில் அழித்துவிடாதீர்கள்.

பதில் 3:
டிரைவர் பற்றி. டாங்கிளைக் கழற்றினாலும் அதன் டிரைவர், விண்டோஸ் டிரைவர்களைச் சேமித்து வைக்கும் டிரைவர் ஸ்டோரில் கிடக்கும். அப்கிரேடிலும் கூடவே வரும். டிவைஸ் மேனேஜரில் வியூ மெனு, ஷோ ஹிட்டன் டிவைசஸ். மங்கலான ஐகானோடு டாங்கிள் தெரிந்தால் அன்இன்ஸ்டால் கொடுத்து, டிரைவரையும் நீக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள்.

அங்கேயும் தெரியாவிட்டால் அட்மினிஸ்ட்ரேட்டராக டெர்மினலைத் திறந்து, டிரைவர்களைக் கையாளும் பிஎன்பியூடில் (pnputil) கட்டளை. முதலில் ஸ்லாஷ் எனம்-டிரைவர்ஸ் கொடுத்து, 27-ஆம் எண்ணுக்கு எதிரே டாங்கிள் நிறுவனத்தின் பெயர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் ஒவ்வொரு கணினியிலும் வேறாக இருக்கும், இன்னொருவர் பதிவில் பார்த்த எண்ணை நம்பி அழித்தால் வைஃபை போய்விடும். ஸ்லாஷ் எக்ஸ்போர்ட்-டிரைவரால் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, ஸ்லாஷ் டெலீட்-டிரைவர், ஃபைல் பெயர், ஸ்லாஷ் அன்இன்ஸ்டால். கட்டாயமாக நீக்கும் ஸ்லாஷ் ஃபோர்ஸ் சேர்ப்பது கடைசி வழி. ரீஸ்டார்ட் செய்து மெமரி இன்டெக்ரிட்டியில் மறுபடி ஸ்கேன் செய்தால் பொருந்தாத டிரைவர் பட்டியல் காலியாக இருக்க வேண்டும்.

கேட்டவர்:
காப்பி செட்டிங்ஸிலேயே கீபோர்டு போய்விட்டது. வெல்கம் ஸ்கிரீனில் யுஎஸ் என்றுதான் இருந்தது. மெமரி இன்டெக்ரிட்டியும் ஆன். ஆனால் ஆஃபீஸ் கணினிக்கு ரிமோட் டெஸ்க்டாப்பில் போனால் அங்கே மட்டும் கூடுதல் கீபோர்டு வருகிறது.

பதில் 2:
அது அப்கிரேடு மிச்சம் இல்லை. நீங்கள் எந்தக் கணினியிலிருந்து நுழைகிறீர்களோ அதன் கீபோர்டை ரிமோட் செஷன் தானாகவே சேர்த்துக்கொள்ளும். நிறுத்த, ஆஃபீஸ் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கீபோர்டு லேஅவுட். அங்கே "இக்னோர் ரிமோட் கீபோர்டு லேஅவுட்" (IgnoreRemoteKeyboardLayout) என்று இடைவெளி இல்லாமல் ஒரு டிவேர்ட் (DWORD, எண் வகை மதிப்பு) உருவாக்கி மதிப்பு 1 கொடுங்கள். பக்கத்தில் "லேஅவுட்ஸ்" என்று பன்மையில் இன்னொரு கீ இருக்கும், அதில் போட்டால் ஒன்றும் நடக்காது.