விடை பொருந்துகிறது, காரணம் பிடிபடவில்லை: நான்கு குறுக்கெழுத்துக் குறிப்புகளுக்கு விளக்கம் வேண்டும்

மயிலை வாசகி:

வணக்கம். 'தி இந்து' நாளிதழின் ஆங்கிலக் குறுக்கெழுத்தைக் காலைக் காபியோடு போட்டு முடிப்பது எனக்குப் பழைய வழக்கம். தமிழில் அதே பாணியில், நேராகப் பொருள் கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்கும் புதிர் ஒன்றை உறவினர் ஒருவர் அமைத்து அனுப்பினார். மூன்று விடைகள் கட்டத்தில் சரியாக உட்கார்ந்துவிட்டன. ஆனால் ஏன் அந்த விடை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நான்காவது அசையவே மறுக்கிறது. அமைத்தவரைக் கேட்டால், "இன்னும் கொஞ்சம் யோசியுங்கள் அத்தை" என்று சிரிக்கிறார்.

இடமிருந்து வலம் 3: வண்டின் தலையை விழுங்கிய விலங்கு, மழை வந்தால் கத்துவது (3)
விடை தவளை. வண்டின் தலை 'வ' என்பது புரிகிறது. 'த', 'ளை' இரண்டும் எங்கிருந்து வந்தன? விலங்கு என்றாலே தவளைதான் என்றால், மழை வந்தால் கத்துவது என்று மறுபடி ஏன் சொல்ல வேண்டும்?

இடமிருந்து வலம் 8: வியாபாரத்தில் போட்ட பணத்தை விழுங்கக்கூடிய விலங்கு (3)
விடை முதலை. முதல் என்றால் போட்ட பணம். 'லை' எப்படி வந்தது?

மேலிருந்து கீழ் 2: நார் தரக் குழம்பிய முனிவர் (4)
விடை நாரதர். எழுத்துகளை இடம் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் எண்ணினால் 'க்' ஒன்று மிஞ்சுகிறது.

மேலிருந்து கீழ் 6: பாகமும் கனியின் கடைசியும் சேர்ந்து உத்திரத்தைத் தாங்கும் (4)
விடை தெரியவில்லை. தூண், சுவர், கம்பம் எல்லாம் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் கட்டத்தில் 'ங்' விழுந்திருக்கிறது.

காவிரிக்கரை:

வாசகி அம்மா, உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. "மறுபடி ஏன் சொல்ல வேண்டும்?" என்று கேட்டீர்களே, அந்த இடத்தில்தான் குறிப்பை வெட்ட வேண்டும்.

இந்த வகைக் குறிப்பில் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று விடையின் நேர்ப்பொருள். அது தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும், நடுவில் இருக்காது. மற்றது, விடையின் எழுத்துகளைக் கூட்டிச் சேர்க்கும் சொல்விளையாட்டு. ஒரு சொல் இரண்டு பக்கமும் வேலை செய்யக் கூடாது. தவளையின் நேர்ப்பொருள் 'மழை வந்தால் கத்துவது' என்று முடிவாகிவிட்டால், 'விலங்கு' அந்தப் பக்கம் போக முடியாது. அதற்கு வேறு வேலை இருக்கிறது.

விலங்கு என்றவுடன் நான்கு கால் பிராணியைத்தானே நினைத்தீர்கள்? குறிப்பை அமைத்தவர் விரும்பியதும் அதைத்தான். பக்கத்தில் வண்டு, விழுங்கியது, மழை, கத்துவது என்று குளக்கரையையே கொண்டுவந்து வைத்துவிட்டார். கைதியின் காலில் பூட்டுவதும் விலங்குதான். அதற்கு இன்னொரு பெயர் தளை. தளையைப் பிரித்து நடுவில் 'வ' வைத்தால் த‑வ‑ளை.

இதில் நான் மிகவும் ரசிப்பது 'தலையை' என்பதில் உள்ள ஐ உருபு. எது எதற்குள் போகிறது என்பதை அதுதான் சொல்கிறது. "விலங்கு வண்டின் தலையை விழுங்கியது" என்று சொற்களை இடம் மாற்றினாலும், ஐ ஒட்டிக்கொண்ட 'வ'தான் உள்ளே போகும். ஆங்கிலத்தில் சொல் நிற்கும் வரிசை செய்யும் வேலையை இங்கே உருபு செய்துவிடுகிறது. அதனால் தமிழில் குறிப்பு அமைப்பவருக்குச் சொற்களைப் புரட்டிப் போடத் தாராளமாக இடம் உண்டு. போடுகிறவர் உருபை ஒருபோதும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டக் கூடாது.

முதலையிலும் அதே உருபுதான் விஷயம். 'பணம்' என்று இருந்தால் விடை முதல். 'பணத்தை' என்று இருப்பதால் முதல் + ஐ, அதாவது முதலை. மீதியுள்ள 'விழுங்கக்கூடிய விலங்கு' ஆற்றில் கிடக்கும் முதலை. இரண்டு பக்கமும் நேர்ப்பொருள்தான், இரண்டுக்கும் ஒரே விடை. இங்கே விலங்கு உண்மையிலேயே விலங்கு. அடுத்தடுத்து அதே சொல்லை இரண்டு விதமாகப் போட்டிருக்கிறார். உங்கள் உறவினர் லேசுப்பட்டவர் இல்லை.

ஒற்றுமிகாது:

நாரதர் பற்றி நான் சொல்கிறேன். 'தர' என்பது செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம். அதன் பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். எனவே 'தரக் குழம்பிய' என்பதே சரியான தமிழ். அந்தக் 'க்' இரண்டு சொற்களுக்கு நடுவே இலக்கணம் போட்ட பாலம். எண்ணிக்கையில் அதைச் சேர்க்காமல் விடுவதே வழக்கம். நார், தர ஆகிய இரண்டிலிருந்து நா, ர், த, ர. மாற்றிப் போட்டால் நா‑ர‑த‑ர். கணக்கு நேர்.

ஆனால் அமைத்தவரை நான் முழுதாக விட்டுவிட மாட்டேன். இந்தச் சங்கடத்தைத் தவிர்த்திருக்கலாம். கலைந்து, குழம்பி, சிதறி, தடுமாறி, புரண்டு என்று எழுத்து மாற்றத்தைக் காட்ட நாம் எடுக்கும் சொற்களில் பெரும்பாலானவை வல்லினத்தில் தொடங்குகின்றன; ஒற்றும் கூடவே வந்து நிற்கிறது. 'நார் தர மாறிய முனிவர்' என்று எழுதியிருந்தால்? மகரத்தின் முன் ஒற்று மிகாது. எண்ணிக்கைச் சந்தேகமே எழாது. சிலர் ஒற்றை வேண்டுமென்றே விழுங்கிவிட்டு 'தர குழம்பிய' என்று எழுதுகிறார்கள். புதிருக்காகத் தமிழைப் பிழையாக எழுதுவதை என்னால் ஏற்க முடியாது.

காவிரிக்கரை:

மாறிய என்பது நல்ல திருத்தம், ஐயா. ஆனால் மரவுரி உடுத்த முனிவர் நார் தரக் குழம்பி நிற்கிற காட்சி போய்விடுகிறதே.

ஒற்றுமிகாது:

காட்சி போனால் போகட்டும்.

நிரல்எழுதி:

பெரியவர்கள் நடுவில் ஒரு சிறிய சந்தேகம் கேட்கிறேன், மன்னிக்கவும். கட்டத்துக்குப் பொருந்தும் சொற்களைத் தேட ஒரு நிரல் எழுதினேன். மூன்று எழுத்துச் சொல் கேட்டால் தாமரை, தவளை, மதுரை எதுவும் வருவதில்லை. தாமரைக்கு நீளம் ஐந்து என்கிறது. அகராதிக் கோப்பில் பிழையா, நிரலில் பிழையா?

காவிரிக்கரை:

இரண்டிலும் இல்லை, தம்பி. யூனிகோடில் 'தா' என்பது த ஒன்று, துணைக்கால் ஒன்று. 'ரை' என்பது ர ஒன்று, ஐகாரக் குறி ஒன்று. நடுவில் ம. ஆக ஐந்து. கட்டத்துக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரியும் எழுத்து, கணினி வைத்திருக்கும் குறி இல்லை. உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அதை முந்தைய எழுத்தோடு சேர்த்து ஒன்றாக எண்ணச் சொல்லுங்கள். ஒகர, ஓகார, ஔகார வரிசைகளில் கூடுதல் கவனம் வேண்டும். 'கோ' எழுத ஒரே குறியும் உண்டு, இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்ந்த வடிவமும் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஒப்பிட்டால் வேறு என்று சொல்லும். எல்லாவற்றையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத் தேடுங்கள்.

நிரல்எழுதி:

வேலை செய்கிறது ஐயா, நன்றி. மேலிருந்து கீழ் 6‑க்கு இப்போதே தேடிப் பார்த்துச் சொல்லட்டுமா?

மயிலை வாசகி:

வேண்டாம் தம்பி! நானே போட்டுக்கொள்கிறேன். வழி மட்டும் காட்டுங்கள் போதும்.

ஒற்றுமிகாது:

வழிதானே? தமிழ் எழுத்துகள் தாமாகவே காட்டும். 'ங்' என்ற மெய்க்கு அடுத்து வருவது, அங்ஙனம் போன்ற சிலவற்றைத் தவிர, ககர வரிசைதான். 'ஞ்' வந்தால் பெரும்பாலும் சகரம், 'ண்' வந்தால் பெரும்பாலும் டகரம், 'ந்' வந்தால் பெரும்பாலும் தகரம். ஆக உங்கள் மூன்றாம் கட்டம் க முதல் கௌ வரையிலான பன்னிரண்டுக்குள் அடங்கிவிட்டது. ஆங்கிலக் கட்டத்தில் இப்படிச் சலுகை கிடைக்காது.

இன்னொன்று, ஒரு சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. ஒரு கட்டத்தில் மெய் விழுந்திருந்தால், குறுக்கே போகும் சொல் அங்கே தொடங்க முடியாது. தமிழ்ச் சொல்லானால் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளிலும் தொடங்காது. கட்டத்தில் எதையும் எழுதும் முன் இதைப் பார்த்துவிட்டால் தவறான விடைகளில் பாதி வாசலிலேயே நின்றுவிடும்.

இனிக் குறிப்பைப் பாருங்கள். 'கனியின் கடைசி' ஒரே எழுத்து. 'பாகம்' என்பதற்கு நிகரான சொல் ஒன்று. உத்திரத்தை மட்டும் கூரையிலிருந்து கீழே இறக்குங்கள்.

மயிலை வாசகி:

கடைசிக் கட்டம் 'னி'. பாகம் என்றால் பகுதி, கூறு, பங்கு... ப‑ங்‑கு‑னி!

பங்குனி உத்திரம்! மயிலாப்பூரில் குடியிருந்துகொண்டு, கபாலீசுவரர் கோயில் தேரை வருடா வருடம் மாட வீதியில் பார்த்துக்கொண்டு, நான் தூணையும் சுவரையும் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். இது அநியாயம்.

ஒற்றுமிகாது:

அநியாயம் என்று நானும் சொல்வேன், வேறு காரணத்துக்காக. 'உத்திரத்தைத் தாங்கும்' என்பது வினை. விடை பெயர்ச்சொல். 'தாங்குவது' என்று இருக்க வேண்டும். தவளைக்கு 'கத்துவது' என்று ஒழுங்காக எழுதியவர் இங்கே ஏன் நழுவினார்? 1949‑இல் இங்கிலாந்தில் ஏ. எஃப். ரிச்சி என்பவர், 'ஆஃப்ரிட்' என்ற புனைபெயரில் புதிர் அமைத்தவர், இதற்கு ஒரு விதி சொல்லிவைத்தார். அமைப்பவர் தான் சொல்வதையே கருத வேண்டியதில்லை. ஆனால் கருதுவதைச் சொல்லியே ஆக வேண்டும். உத்திரத்தைக் கூரையில் காட்டிவிட்டு வானத்தில் வைத்தது முதல் பாதிக்குள் அடங்கும், அதில் குற்றம் இல்லை. பெயரை வினையால் சுட்டியது இரண்டாம் பாதியை மீறுகிறது.

காவிரிக்கரை:

வினையைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 'தாங்கும்' என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. பௌர்ணமியை ஒட்டி நிற்கும் நட்சத்திரத்தைக் கொண்டுதான் மாதப் பெயர்களே வந்தன. சித்திரைக்குச் சித்திரை, வைகாசிக்கு விசாகம், பங்குனிக்கு உத்திரம். உத்திரத்தின் வடமொழிப் பெயரில் உள்ள பல்குனிதான் பங்குனி ஆயிற்று. தன் நட்சத்திரத்தைப் பெயரிலேயே தாங்குகிற மாதம் என்றால் அது இட்டுக்கட்டியது ஆகாதே.

மயிலை வாசகி:

இருவருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம். ஆங்கிலத்தில் சொல்லைப் பின்னாலிருந்து படிக்க வைக்கும் குறிப்புகள் ஏராளம். இந்தக் கட்டத்தில் ஒன்றுகூட இல்லை. தமிழில் அந்த வகையே கிடையாதா?

காவிரிக்கரை:

உண்டு, அரிது. நம் சொற்களில் ஏராளமானவை மெய்யில் முடிகின்றன. மரம், கடல், தேர், பால் என்று எதைத் திருப்பினாலும் மெய்யில் தொடங்கும். அப்படி ஒரு சொல் இருக்க முடியாது. உயிர்மெய்யில் முடிகிற சொல்லையும் திருப்பினால் பெரும்பாலும் 'லைவ' 'ருதி' என்று பொருளில்லாமல் நிற்கும். அதனால் இங்கே முழுச் சொல்லைத் திருப்புவதைவிட ஒரு துண்டைத் திருப்பி ஒட்டுவது வழக்கம். 'சுப்பையா முதலில் வர, திரு திரும்பி வந்தால் பாட்டுக்கு ஆதாரம் (3)'. சு + ருதி, சுருதி.

எழுத்தைக் கழிப்பது தமிழுக்கு நன்றாக ஒத்துவரும். 'இரண்டாவதைத் தொலைத்த குரங்குக்கு ஏழு நாள் (3)'. வானரத்தில் இரண்டாம் எழுத்துப் போனால் வாரம்.

ஒற்றுமிகாது:

கழிப்பது நமக்குப் புதிதும் இல்லை. ஒரு சொல்லிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்கி வேறு வேறு சொல் வரவழைப்பதற்கு அக்கரச் சுதகம் என்று பெயர். எழுத்துகளை வைத்து வித்தை காட்டும் சித்திரகவி வகைகளில் ஒன்றாக, அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் அதைச் சொல்கிறது. சேர்த்துக்கொண்டே போவதற்கும் எழுத்து வருத்தனம் என்று பெயர் உண்டு.

காவிரிக்கரை:

அம்மா, கிளம்பும் முன் ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த வகை: 'மன்னன் முதலில், துரை பிறகு ஆண்ட ஊர் (3)'. மன்னனின் முதல் எழுத்து ம, பின்னால் துரை, சேர்ந்தால் மதுரை. நேர்ப்பொருள் 'ஊர்' மட்டும்தான் என்றாலும், பாண்டியரும் நாயக்கரும் ஆண்டு 1801‑இல் கம்பெனி ஆட்சிக்குள் போன ஊருக்குக் குறிப்பு முழுவதுமே பொருந்துகிறது.

ஒற்றுமிகாது:

வரலாறு சரி. 'துரை' என்று மூன்றில் இரண்டு எழுத்தை வெளிப்படையாகக் கையில் கொடுத்துவிட்டீர்கள். வெள்ளைக்காரர் என்றாவது மறைத்திருக்கலாம்.

மயிலை வாசகி:

எனக்கும் ஆசை வந்துவிட்டது. தம்பி கணக்குப் பார்த்த சொல்லையே எடுத்து ஒன்று அமைத்திருக்கிறேன். நிரல் இல்லாமல் போட வேண்டும்:

வசந்தா மரையாணிக்குள் பூத்தது (3)

நிரல்எழுதி:

வசந்'தாமரை'யாணி. எழுத்து எண்ணிக்கை மூன்றுதான், ஐந்து இல்லை!

ஒற்றுமிகாது:

விடை நேர்மையாக ஒளிந்திருக்கிறது, ஒற்றுச் சிக்கலும் இல்லை. ஒரே குறை, திருகாணியைக் குறிக்கும் மரையாணி. வழக்கில் அதிகம் காணாத சொல் ஒன்று குறிப்பில் வந்து நின்றால், பழகியவர் நேரே அதன் உள்ளேதான் தேடுவார். வசந்தாவை வைத்துக்கொண்டு மரையாணியை மட்டும் மாற்ற முடியுமா என்று பாருங்கள்.