ரொக் நிகழ்ச்சிக்கு என்ன உடுத்துக்கொண்டு போறது? வன்னியில இருந்து போனவை சொல்லுங்கோ

இரணைமடுப் பெடியன்:

அடுத்த மாதம் கொழும்பில திறந்தவெளியில ஒரு ரொக் நிகழ்ச்சி இருக்கு. நானும் சிநேகிதப் பெடியளும் கிளிநொச்சியில இருந்து இரவு பஸ் எடுத்துப் போய், நிகழ்ச்சி முடிய அடுத்த இரவு பஸ்ஸிலயே திரும்பப் போறம். தங்கிறதுக்கு அறை ஒண்டும் எடுக்கேல்லை. போட்டுக்கொண்டு போற உடுப்போடதான் பகல் முழுக்கத் திரியவேணும், நிகழ்ச்சி பாக்கவேணும், திரும்பி வரவேணும்.

இதுவரைக்கும் நாங்கள் பாத்தது கோயில் திருவிழா இசைக்குழுக்களும், 2023 ஒக்ரோபரில சந்தோஷ் நாராயணன் யாழ்ப்பாணம் முற்றவெளிக்கு வந்து செய்த நிகழ்ச்சியும்தான். கோயிலுக்கெண்டா வேட்டி. முற்றவெளிக்கு ஒரு நல்ல சேட்டும் டெனிமும் போதும். ரொக்குக்கு எப்பிடி? படங்களில பாத்தா எல்லாரும் கறுப்பு ரீசேட், தோல் ஜக்கெற், பெரிய பூட்ஸ், சங்கிலி. அதையெல்லாம் போட்டு இந்த வெயிலுக்குத் தாங்குமோ தெரியேல்லை. அம்மாவுக்கும் விருப்பமில்லை. போனவை உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ. காலில என்ன போட்டனீங்கள், கையில என்ன கொண்டு போனனீங்கள், எல்லாம் சொல்லுங்கோ.

காமென்ற்ஸ் அக்கா, புதுக்குடியிருப்பு:

தம்பி, நான் விளையாட்டு உடுப்புத் தைக்கிற காமென்ற்ஸில லைனில நிக்கிறன். அதால துணியில இருந்து தொடங்கிறன். ரீசேட் வாங்கேக்க நிறத்தையும் படத்தையும் பாக்க முதல் துணியின்ர கனத்தைப் பார். ஒரு சதுர மீற்றர் துணி எத்தினை கிராம் எண்டுதான் நாங்கள் கணக்குப் பாப்பம். 140, 150 கிராம் எண்டா மெல்லிசு. 180 சாதாரண ரீசேட். 200க்கு மேல போனா கொழும்பு வெக்கைக்கு அது உனக்கு வேண்டாம். கடையில கனத்தை எழுதியிருக்காது. ரீசேட்டுக்குள்ள கையை விட்டு வெளிச்சத்துக்குப் பிடி, விரலின்ர நிழல் தெரிஞ்சா மெல்லிசு.

மற்றது அந்த நெஞ்சுப் படம். மொத்தமா, றப்பர் மாதிரி அச்சடிச்சிருந்தா அந்த இடத்தால காத்துப் போகாது. வாயை வைச்சு ஊதிப் பார், தெரியும். நெஞ்சு முழுக்க மூடின பெரிய படம் வாங்காதை. வேணுமெண்டா முதுகில சின்னனா இருக்கிறதை எடு.

எங்கட லைன் பிள்ளையள் எல்லாரும் சேந்து கொழும்பில ஒரு கொன்சேட்டுக்குப் போனனாங்கள். எங்களுக்கு முன்னால ஒரு பிள்ளை ரெக்சின் ஜக்கெற் போட்டுக்கொண்டு நிண்டவ. பாக்க உண்மையாவே வடிவு. மூண்டாவது பாட்டுக்குள்ள முகம் வெளிறிப்போச்சு. நாங்கள் பிடிச்சுக்கொண்டு பின்னால கூட்டிக்கொண்டு வந்து ஜக்கெற்றைக் கழட்ட, உள்ளுக்கு இருந்த பெனியன் பிழிஞ்செடுக்கலாம் போல இருந்தது. கிளிநொச்சியில எங்களுக்கு வியர்த்தாலும் சோளகம் அடிக்கக் காஞ்சுபோகும். கொழும்பில காத்து ஈரம், வியர்வை காயவே காயாது. அதை யோசிச்சுத்தான் உடுக்கவேணும்.

பருத்தி நல்லதோ பொலியெஸ்ரர் நல்லதோ எண்டு எங்கட பிள்ளையளே சண்டை பிடிப்பினம். பருத்தி உடம்புக்குச் சுகம், ஆனா நனைஞ்சா நனைஞ்சபடி கிடக்கும். விளையாட்டுக்குத் தைக்கிற பொலியெஸ்ரர் கெதியாக் காயும், ஆனா மணம் பிடிக்கும். உன்ர பயணத்துக்கு நான் சொல்லுறது: நிகழ்ச்சிக்கு மெல்லிசு பொலியெஸ்ரர், திரும்பிற பஸ்ஸுக்குப் பையில ஒரு காஞ்ச பருத்தி ரீசேட். பஸ்ஸில ஏசி போட்டா ஈர உடுப்போட விடியும்வரைக்கும் நடுங்கவேணும்.

கறுப்புக்குப் பயப்பிடாதை. வெயில் இருக்கிற நேரம்தான் கறுப்பு வெக்கையை இழுக்கும். பொழுது பட்டாப் பிறகு நிறத்தில ஒண்டுமில்லை, கனத்திலதான் எல்லாம். மூண்டு மணிக்கே வாசலைத் திறக்கினம் எண்டா, பொழுது படும்வரைக்கும் வெள்ளை சேட் ஒண்டைப் போட்டுக்கொண்டு நில்.

இரணைமடுப் பெடியன்:

நன்றி அக்கா. துணிக் கனத்தைப் பற்றி இப்பிடி ஆரும் சொல்லித் தரேல்லை. பூட்ஸைப் பற்றி ஆராவது சொல்லுங்கோ.

மல்லாவி அண்ணை:

காலைப் பற்றிக் கேட்டபடியா நான் எழுதிறன். 2009 பங்குனியில எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழ போட்டுது. இப்ப போட்டிருக்கிறது ஜெய்ப்பூர் கால் எண்டுற செயற்கைக் கால்தான். மருமகன் கிற்றார் வாசிக்கிறவன், அவன்தான் என்னை ஒரு ரொக் நிகழ்ச்சிக்கு இழுத்துக்கொண்டு போனவன். எனக்கு அந்தச் சத்தத்தில பெரிய ஆசை. போற விருப்பம் இருந்தும், நெரிசலில எப்பிடி நிக்கிறது, என்னத்தைப் போடுறது எண்டு கனக்க யோசிச்சன்.

முதல் சப்பாத்து. செயற்கைக் கால் செய்யேக்க நாங்கள் வழமையாப் போடுற சப்பாத்தின்ர குதி உயரத்துக்குத்தான் பாதத்தின்ர சாய்வைச் சரிபாத்து வைப்பினம். குதி உயர்ந்த பூட்ஸ் போட்டா முழங்கால் முன்னுக்கு மடங்கப் பாக்கும். குதி குறைஞ்சதைப் போட்டா பின்னுக்கு இழுக்கும். மருமகன் தன்ர பெரிய பூட்ஸைத் தாறன் எண்டான், நான் வேண்டாம் எண்டன். கிழமை நாளில வயலுக்கும் கடைக்கும் போடுற அதே கான்வஸ் சப்பாத்துத்தான். ரெண்டு காலும் உள்ள ஆக்களுக்கும் நான் இதைத்தான் சொல்லுவன்: புதுச் சப்பாத்தோட மணித்தியாலக் கணக்கில நிக்கப் போகாதையுங்கோ. முன் மூடின, நீங்கள் நடந்து பழகின சப்பாத்து. செருப்பு வேண்டவே வேண்டாம். துள்ளுற கூட்டத்தில ஆற்ற பூட்ஸ் உங்கட விரலில இறங்கும் எண்டு சொல்லேலாது.

பிறகு காற்சட்டை. இதிலதான் வீட்டில கதை வந்தது. மனுசி சொன்னா, நீளக் காற்சட்டை போடுங்கோ, ஆரும் பாக்கத் தேவையில்லை எண்டு. அவ என்னில உள்ள அக்கறையிலதான் சொன்னவ. நான் முழங்கால் வரைக்கும் உள்ள காற்சட்டைதான் போட்டன். பகல் போகப் போக, மிஞ்சியிருக்கிற குறைகால் கொஞ்சம் சுருங்கும், செயற்கைக் கால் தொளதொளக்கும், உள்ளுக்கு இன்னொரு காலுறை போட்டு இறுக்கவேணும். வியர்வையைத் துடைக்கவேணும். ஒடுக்கமான டெனிம் போட்டா இதுக்கெல்லாம் எங்க ஒளிச்சு நிண்டு கழட்டிறது? வாசலில சோதிக்கிற கருவி கத்தின உடன காலைக் காட்டினன், அந்தப் பெடியன் தலையாட்டி உள்ளுக்கு விட்டான். கூட்டத்திலயும் பாத்த ஆக்கள் தாங்களாவே இடிக்காமல் விலகி நிண்டவை. முன்னுக்கு இரும்புக் கம்பி கட்டியிருந்த இடத்தில, உடம்பெல்லாம் பற்ச் தைச்ச டெனிம் ஜக்கெற்றோட நிண்ட ஒரு சிங்களப் பெடியன் என்னைத் தன்ர இடத்துக்கு இழுத்து, கம்பியைப் பிடிக்கச் சொல்லிச் சைகை காட்டினான். கடைசிப் பாட்டு மட்டும் அங்கதான் நிண்டன். பேஸ் சத்தம் கம்பியால ஏறிக் கையுக்குள்ள வந்தது, அந்தச் செயற்கைக் காலுக்குள்ளயும் வந்தது. அதை நான் எப்பவும் நினைச்சுக்கொள்ளுவன்.

எங்கட இடத்தில என்னைப் போல கால் உள்ள ஆக்கள் கனபேர். ஏலாது எண்டு வீட்டில இருக்காதையுங்கோ. உடுப்பைச் சரியா எடுத்தா ஏலும்.

பூநகரி அம்மா:

நான் ஆம்பிளைப் பிள்ளையள் வளர்த்த தாய். கறுப்பு உடுப்புக்கு நான் மறுப்புச் சொல்லிறதில்லை. அலுமாரியில இருந்து நான் எடுத்து ஒளிச்சு வைக்கிற உடுப்பு வேற. இராணுவ உடுப்பு மாதிரி வரி போட்ட காற்சட்டை, தொப்பி. கொழும்பில கடையில தொங்குது, எல்லாரும் போடுகினம் எண்டு பிள்ளை சொல்லுவான். எங்கட முகவரி உள்ள அடையாள அட்டையோட, இரவில, ஏ9 வீதியில வாற பிள்ளைக்கு அது வேற மாதிரி. இந்த நாட்டில பொதுமக்கள் படைச் சீருடை மாதிரி உடுத்தாச் சட்டச் சிக்கலும் வரலாம். அடுத்தது புலி முகம் போட்ட ரீசேட். அது வெளிநாட்டுப் பாட்டுக்காரரின்ர அடையாளமா இருக்கலாம், வாகனத்தை மறிச்சுக் கேக்கிறவைக்கு நீ அதை விளங்கப்படுத்தி முடிக்க பஸ் போயிடும். புத்தர் படம் போட்ட எதுவும் வேண்டாம்.

அம்மா வேண்டாம் எண்டால், கோவிக்காமல் என்னத்துக்கு வேண்டாம் எண்டு கேள் ராசா. அவ கறுப்பை நினைச்சுச் சொல்லியிருக்கமாட்டா.

வவுனியா இசை ஆசிரியர்:

படங்களில் பார்ப்பதுதான் ரொக் உடுப்பு என்று பிள்ளைகள் நினைப்பது எனக்கு மனவருத்தம். அந்த உடுப்புகள் ஒவ்வொன்றும் ஓர் ஊரின் காலநிலையிலும் தொழிலிலும் இருந்து வந்தவை. டெனிம் காற்சட்டைக்கு ரிவெற் என்னும் சிறு உலோகக் குமிழ் அடிக்கும் முறைக்கு லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் 1873ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார்கள். அது சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலைசெய்தவர்களின் உடுப்பு. 1990களின் தொடக்கத்தில் நிர்வானா போன்ற குழுக்களோடு உலகமெல்லாம் பரவிய கட்டம் போட்ட ஃபிளனல் சேட், மழையும் குளிரும் உள்ள அமெரிக்காவின் சியாற்றில் நகரப் பக்கத்து மக்கள் அன்றாடம் போட்டது. தோலும் ஆணியும் வைத்த உடுப்பை மெற்றல் என்னும் கடும் ரொக் இசை மேடைக்குக் கொண்டுவந்ததில் ஜூடாஸ் பிரீஸ்ற் பாடகர் ரொப் ஹல்ஃபோர்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கிலாந்துக் குளிருக்கு அது தாங்கும். ஏசி/டிசி குழுவின் அங்கஸ் யங் பள்ளிக்கூடச் சீருடையில் நின்று கிற்றார் வாசிப்பவர். அவரை யாரும் ரொக் இல்லை என்று சொல்லவில்லை.

ஆகவே எங்கள் ஊரின் வேலை உடுப்பு என்ன என்று பாருங்கள். என்னிடம் படித்த ஒரு பிள்ளை, தகப்பன் வயலுக்குப் போடும் கட்டம் போட்ட பருத்திச் சேட்டின் கையை முழங்கைக்கு மேலே மடித்து, உள்ளே கறுப்பு ரீசேட்டோடு நிகழ்ச்சிக்கு வந்தான். வெளுத்து, மெலிந்து, காற்றுப் புகும் சேட். அன்று அங்கே நின்றவர்களில் அவன்தான் ரொக்குக்குச் சரியாக உடுத்தியிருந்தான் என்பது என் முடிவு. அன்று பாடும் குழுவின் பெயர் போட்ட ரீசேட்டை அதே குழுவின் நிகழ்ச்சிக்குப் போடக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். விருப்பம் என்றால் போடுங்கள், பாடுகிறவர்களுக்கு அது சந்தோசம்.

வற்றாப்பளைக்காரி:

பொம்பிளைப் பிள்ளையளும் வாசிக்கினம் எண்டு நினைச்சு எழுதிறன். நான் சின்னனில இருந்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு விடிய விடிய சனத்துக்குள்ள நிண்டு வளந்தவள். நெரிசலில எது இழுபடும், எது மிதிபடும் எண்டு அங்க படிச்சதுதான் கொழும்பு கொன்சேட்டுக்கும் உதவினது.

ஷோல் வேண்டாம். சல்வார் போடுறதெண்டா ஷோலை வீட்டில வைச்சிட்டு, கழுத்து உயர்ந்த ரொப்பாத் தையுங்கோ. கழுத்தில கிடக்கிற ஷோலின்ர தொங்கலை ஆராவது மிதிச்சால் மூச்சு நிண்டுபோகும். பின்னலைத் தொங்கவிடாமல் கொண்டை போடுங்கோ. தொங்குற தோடு, சங்கிலி, காப்பு எல்லாத்தையும் கழட்டி அம்மாட்டக் குடுத்திட்டுப் போங்கோ. எங்கட ஊர்த் தையல் அக்காட்டச் சொல்லி ரொப்பின்ர ரெண்டு பக்கத் தையலிலயும் ஆழமாப் பொக்கற் வைப்பிச்சனான், ஒண்டுக்குச் சிப் போட்டு. போன், அடையாள அட்டை, பஸ் காசு அதுக்குள்ள. கையில பை இல்லாட்டி ரெண்டு கையும் எங்களுக்கு. கையால தட்டவும் ஏலும், கிட்ட வந்து உரசிறவனை முழங்கையால தள்ளவும் ஏலும். உரசினவன் ஒருத்தனை நான் சத்தம் போட்டே விலத்தினனான், பக்கத்தில நிண்ட பெடியளும் சேந்து அவனை அனுப்பிவிட்டவை. உடுப்பைப் பாத்து வாறவை இல்லை அவங்கள், ஆன படியா உங்கட உடுப்பில குற்றம் தேடாதையுங்கோ.

இன்னொண்டு. அங்க இருக்கிற தற்காலிக மலசலகூடம் ஒடுக்கம், நிலம் ஈரம். மேலும் கீழும் ஒண்டாத் தைச்ச உடுப்பு, நிலத்தில படுற பலாஸோ ரெண்டும் அங்க பெரிய கரைச்சல். கணுக்காலுக்கு மேல நிக்கிற, வேறயாக் கழட்டக்கூடிய காற்சட்டைதான் நல்லம். மாதவிடாய் நாளெண்டா கறுப்புக் காற்சட்டை, பொக்கற்றில மாத்துத் துணி.

மாரியில போனா ஒரு மெல்லிய மழை அங்கி. குடை விரிச்சா பின்னால நிக்கிற ஆக்களுக்கு மேடை தெரியாது. டெனிம் நனைஞ்சா கனக்கும், விடியும்வரைக்கும் காயாது.

இரணைமடுப் பெடியன்:

அம்மாட்டக் கேட்டன். பூநகரி அம்மா சொன்ன மாதிரித்தான், அவ பாத்தது என்ர காற்சட்டையில இருந்த வரியை. அதை விட்டிட்டன். முறிகண்டியில பஸ் நிக்கேக்க பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுப்போட்டுப் போ எண்டா, சரியெண்டன்.

விசுவமடு சவுண்ட் சேர்விஸ்:

எல்லாரும் உடம்புக்குச் சொல்லிப்போட்டியள், காதை விட்டிட்டியள். நான் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் பெட்டி அடுக்கிற ஆள். என்னோட வேலை பழகின மூத்த அண்ணைமாருக்கு இப்ப பக்கத்தில நிண்டு கதைச்சாலும் விளங்காது. அவையின்ர காலத்தில ஆரும் காதடைப்பான் போட்டதில்லை.

சத்தத்தை டெசிபலிலதான் அளப்பம். 85 டெசிபலில காதுக்குக் கேடில்லாமல் எட்டு மணித்தியாலம் இருக்கலாம் எண்டா, ஒவ்வொரு 3 டெசிபல் கூடேக்கயும் அந்த நேரம் பாதியாகும். கணக்குப் போட்டுப் பாருங்கோ, 100 டெசிபலுக்கு ஒரு கால் மணித்தியாலம்தான். ரொக் மேடைக்கு முன்னால 100ஐத் தாண்டுறது வழமை. நிகழ்ச்சி மூண்டு மணித்தியாலம். முடிய வீட்ட வந்து காதுக்குள்ள கூ எண்டு கேட்டா, காது அடிபட்டிருக்கு எண்டு அர்த்தம்.

பஞ்சு வைச்சால் காணாது, சத்தத்தை அது பெரிசாக் குறைக்காது. பாமசியில பஞ்சு மாதிரி மெத்தெண்ட நுரைக் காதடைப்பான் கேட்டு வாங்கு. விரலால உருட்டி ஒடுக்கி, மற்றக் கையால காதை மேலயும் பின்னுக்கும் இழுத்து, உள்ளுக்கு வைச்சு, அது விரியும்வரைக்கும் விரலால பிடிச்சிரு. பாட்டுக் கேக்காமல் போகாது, சிம்பல் தாளத்தின்ர கூர் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பாட்டுத் தொடங்க முதல் போடவேணும். நிகழ்ச்சிக்கு முதலே வீட்டில போட்டுப் பழகு தம்பி, இருட்டுக்குள்ள வியர்வைக் கையோட முதல்தரம் போட வராது.