ஆடிக்காற்றும் கார்வெட்டும்

வாட்ஸ்அப் குழு: பெரிய வீடு 🏡
சனி, 2 ஆகஸ்ட் 2025

மல்லிகா அத்தை, 7:02
நாளை ஆடிப் பதினெட்டு. பேரூர் படித்துறைக்கு வருகிறவர்கள் ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். அப்புறம், என் தையல் பெட்டியில் இருந்த பச்சை உல்லன் நூல்கண்டை யார் எடுத்தது?

ரவி சித்தப்பா, 7:04
எனக்கும் நூலுக்கும் சம்பந்தமே இல்லைங்க அண்ணி.

கதிர் (மிச்சிகன்), 7:09
எல்லோருக்கும் காலை வணக்கம், இங்கே இன்னும் வெள்ளி இரவுதான். இந்த வாரச் செய்தி பார்த்தீங்களா? ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் டிராக்கில் கார்வெட் இசட்ஆர்1எக்ஸ் ஒரு சுற்றை 6 நிமிடம் 49.275 விநாடியில் முடித்திருக்கிறது.

ரவி சித்தப்பா, 7:10
அமெரிக்கக் காரா? நேர் ரோட்டில் விட்டால் பறக்கும். வளைவு வந்தால் மாட்டுவண்டி.

கதிர் (மிச்சிகன்), 7:12
அது பழைய கதைங்க சித்தப்பா. 20.832 கிமீ சுற்று, எழுபதுக்கும் மேல் வளைவு, நடுவில் மேடு பள்ளம் வேறு. சராசரியாக 183 கிமீ வேகத்தில் போயிருக்கிறது. ஓட்டிய ட்ரூ கட்டெல் சம்பளத்துக்கு ரேஸ் ஓட்டுபவரும் இல்லை. கம்பெனி இன்ஜினியர்.

ரவி சித்தப்பா, 7:13
1,250 குதிரைத்திறன் கொடுத்தால் நானும்தான் ஓட்டுவேன்.

மல்லிகா அத்தை, 7:13
ஸ்கூட்டரைக் கேட்டுக்குள் நேராக விடத் தெரியவில்லை.

கதிர் (மிச்சிகன்), 7:17
😂 சரி, குதிரைக் கணக்கையே பார்ப்போம். அதே நாட்களில் ஓடிய சாதா இசட்ஆர்1-க்கு 1,064 குதிரை. முன் சக்கரத்தில் மின் மோட்டாரும் கிடையாது. நேரம் 6:50.763. வித்தியாசம் ஒன்றரை விநாடி. (ஓட்டியவர் வேறு இன்ஜினியர், அதையும் சொல்லிவிடுகிறேன்.) ஃபோர்டு மஸ்டாங் ஜிடிடி-க்கு வெறும் 815 குதிரைதான். அது 6:52.072. 435 குதிரை குறைவு, ஆனால் மூன்று விநாடிகூடப் பின்தங்கவில்லை.

ரவி சித்தப்பா, 7:18
அப்போ மிச்ச வேலையை யார் பார்க்கிறார்கள்?

சண்முகம் மாமா, 7:20
காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். அதே காற்றைத் திருப்பிவிட்டு, பறக்காமல் அமுக்கிப் பிடிக்க வைக்கிறார்கள். விமான இறக்கையைக் கவிழ்த்துப் போட்டால் கார் விங்.

நிவேதா, 7:21
மாமா கரெக்ட் 👏 கதிர் அண்ணா, நீங்கள் நேரில் பார்த்த டாட்ஜ் வைப்பர் கார் கதையைச் சொல்லுங்கள்.

கதிர் (மிச்சிகன்), 7:27
போன மாதம் இங்கே ஒரு டிராக் டே, சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். 2016 டாட்ஜ் வைப்பர் ஏசிஆர் ஒன்று வந்திருந்தது. பின்னால் இரண்டு அடுக்கு கார்பன் விங், ஒன்றே முக்கால் மீட்டருக்கும் மேல் அகலம். முகத்தில் இரண்டு பக்கமும் மீசை மாதிரி பலகைகள். முன் சக்கரத்துக்கு மேலே பானெட்டில் மீன் செதில் மாதிரி திறப்புகள். சக்கரக்குழிக்குள் அடைபடும் காற்று அந்த வழியாக வெளியேறிவிடும், இல்லாவிட்டால் அது மூக்கைத் தூக்கும். சொந்தக்காரர் தரையில் படுத்துக்கொண்டு ஸ்ப்ளிட்டரின் (மூக்குக்குக் கீழே தரையை ஒட்டி நீளும் பலகை) முன் நீட்டத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். ரோட்டில் அதோடு போக முடியாது, முதல் வேகத்தடையிலேயே போய்விடும். பின்னால், காரின் அடியில் ஓடும் காற்றை வெளியேற்றும் டிஃப்யூசர் தகடுகளைக் குனிந்து பார்த்தேன். அடி ஓரமெல்லாம் தரையில் உரசித் தேய்ந்து, தேங்காய் துருவியின் பல் மாதிரி இருந்தது.

கதிர் (மிச்சிகன்), 7:30
முக்கியமான விஷயம் இதுதான். சாதா வைப்பர் 330 கிமீ வேகம் தொடும். ஏசிஆர் 285-ஐத் தாண்டாது. இன்ஜின் ஒன்றே, 8.4 லிட்டர் வி10. அந்த 45 கிமீ வேகத்தைத் தெரிந்தே விங்குக்கு விலையாகக் கொடுத்தார்கள். பதிலுக்கு உச்ச வேகத்தில் முக்கால் டன்னுக்கு மேல் அழுத்தம் கிடைத்தது. காரின் எடையிலேயே பாதி.

ரவி சித்தப்பா, 7:31
வேகத்தைக் குறைத்துக்கொண்டு வேகமாகப் போவதா? நல்ல வியாபாரம்!

கதிர் (மிச்சிகன்), 7:33
கலிஃபோர்னியாவின் லகுனா செகா டிராக்கில் ஒரு சுற்று 1:28.65. நேர் ரோட்டில் விட்டதை வளைவில் வட்டியோடு வாங்கினார்கள்.

நிவேதா, 7:36
அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் சித்தப்பா. 285-ல் 775 கிலோ என்று வைத்தால், 95-ல் அது ஒன்பதில் ஒரு பங்கு. 86 கிலோ. கிட்டத்தட்ட நீங்கள் கார் மேலே ஏறி உட்கார்ந்த மாதிரி.

ரவி சித்தப்பா, 7:36
நான் 82.

மல்லிகா அத்தை, 7:37
தீபாவளிக்கு முன்னால் எடுத்த கணக்கு அது.

ரவி சித்தப்பா, 7:38
அப்படியானால் விங் எதற்கு? நாலு மணல் மூட்டையைப் போட்டால் போச்சு.

சண்முகம் மாமா, 7:43
அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது தம்பி. மூட்டை டயரை அழுத்தும், சரி. ஆனால் வளைவில் அதே மூட்டை வெளிப்பக்கமாக இழுக்கும். பிரேக் போட்டால் முன்னால் தள்ளும். கிளம்பும்போது அதையும் சுமந்துகொண்டு கிளம்ப வேண்டும். காற்று அமுக்கும், ஆனால் வெளிப்பக்கமாக இழுக்காது. நிறை இல்லாத பாரம். லேத்தில் கடையும் ஜாபைப் பிடிக்க, சக் என்ற பிடியை இறுக்குகிறோமே, அதற்காக ஜாபின் எடையைக் கூட்டுகிறோமா?

நிவேதா, 7:44
மாமா, இதை எங்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் நடத்தினார்கள் 🙏

கதிர் (மிச்சிகன்), 7:49
வைப்பரின் கடைசிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2017-ல் டெட்ராயிட் தொழிற்சாலையை மூடும் நேரம். கம்பெனி நூர்பர்க்ரிங் போகவில்லை. ரசிகர்கள் இணையத்தில் பணம் திரட்டி, கார்களை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். டயர் பிரச்சினையில் ஒன்று மோதி நொறுங்கியது. லான்ஸ் டேவிட் ஆர்னால்ட் 7:01.30 ஓட்டினார். ஏழு நிமிடக் கோட்டுக்கு ஒன்றே கால் விநாடி மிச்சம்! அப்போது சுற்றை 20.6 கிமீ என்று அளந்தார்கள், அதனால் இன்றைய நேரங்களோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனாலும் எனக்கு அந்தச் சுற்றுதான் பிடிக்கும்.

ரவி சித்தப்பா, 7:50
கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் பண்ணுவது மாதிரி அல்லவா இருக்கிறது.

நிவேதா, 7:52
மஸ்டாங் ஜிடிடி வேகம், அழுத்தம் இரண்டையும் கேட்கிறது. நேர் ரோட்டில் விங்கின் மடல் படுத்துக்கொள்ளும், மூக்குக்குக் கீழே உள்ள மடல்களும் சேர்ந்து திறக்கும், காற்றுத்தடை குறையும். பிரேக் பிடித்தால் பழையபடி நிமிரும். ஏழு நிமிடத்துக்குள் வந்த முதல் அமெரிக்க பிராண்டு கார் அதுதான்.

சண்முகம் மாமா, 7:58
புதுசு இல்லை கண்ணு. டெக்சஸ் மிட்லாண்டில் ஜிம் ஹால் என்று ஒரு மனிதர். 1966-ல் சாப்பரல் 2ஈ என்ற காரைக் கட்டினார். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலப் பத்திரிகையில் படம் பார்த்து இரவெல்லாம் தூங்கவில்லை. பின்பக்கம் உயரமாக இரண்டு கம்பம், அதன் மேல் விங். கம்பம் பாடியில் நிற்கவில்லை, நேராகப் பின்சக்கர ஹப்பில் நிற்கிறது. அழுத்தம் ஸ்பிரிங்கை அமுக்கி வீணாகாமல் டயருக்கே போகும். கிளட்ச் பெடல் தேவைப்படாத கியர் அமைப்பு, இடது கால் சும்மா இருக்கிறது. அந்தக் காலுக்கு ஒரு பெடல். மிதித்தால் விங் படுக்கும், விட்டால் சாய்ந்து காரை அமுக்கும்.

சண்முகம் மாமா, 7:59
1970-ல் இன்னும் ஒரு படி போனார். காருக்குப் பின்னால் இரண்டு பெரிய ஃபேன், அதைச் சுற்ற பனிச்சறுக்கு வண்டியின் இன்ஜின். சுற்றிலும் பாவாடை கட்டி, அடியில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்தார். கார் நின்றுகொண்டிருந்தாலும் தரையோடு ஒட்டும். அந்த சீசன் முடிந்ததும் தடை போட்டுவிட்டார்கள்.

ரவி சித்தப்பா, 8:00
ஜெயித்ததாலா?

சண்முகம் மாமா, 8:01
ஒரு போட்டிகூட ஜெயிக்கவில்லை. அடிக்கடி ரிப்பேர். ஆனால் தகுதிச் சுற்றில் பெரும்பாலும் அதன் பக்கத்தில் யாரும் வர முடியவில்லை. பயம்தான்.

கதிர் (மிச்சிகன்), 8:04
நிவி, உங்கள் ஃபார்முலா கார் எந்த நிலையில் இருக்கிறது? ஜனவரியில் கரி ஸ்பீட்வேயில், மாணவர்கள் கட்டும் கார்களுக்கான ஃபார்முலா பாரத் போட்டி வருகிறதே.

நிவேதா, 8:08
விங் ரெடி அண்ணா. ஆனால் கணக்கில் வந்த அழுத்தம் டிராக்கில் வரவில்லை. பின்பக்கம் பெரிய விங் வைத்ததில் வேகம் ஏறினால் முன்சக்கரம் பிடி விட்டு, திருப்பினாலும் நேராகப் போகிறது. அது முதல் தப்பு. இரண்டாவது, விங்கைத் தாங்கும் கம்பிகளை அடிப்பக்கம் மாட்டியிருந்தோம். ஜிடிடி-யில் அன்னக்கழுத்து மாதிரி வளைத்து மேலே இருந்து தொங்கவிட்டிருப்பது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

ரவி சித்தப்பா, 8:09
ஏன்?

நிவேதா, 8:12
விங்கின் அடிப்பக்கம்தான் முக்கால்வாசி வேலை செய்கிறது. அங்கே காற்று வேகமாக ஓடி, அழுத்தம் குறைந்து, கீழே இழுக்கிறது. அந்த ஓட்டத்துக்கு நடுவில் கம்பியை நட்டால் வாய்க்காலில் கல்லைப் போட்ட மாதிரி. கல்லூரி மைதானத்தில் ஓட்டி வீடியோ எடுத்தோம். மற்ற இடத்தில் எல்லா நூலும் பின்னால் படிந்து நேராக நிற்கிறது. கம்பிக்குப் பின்னால் மட்டும் நூல் சுழன்று முன்பக்கமாகத் திரும்புகிறது. அப்பட்டமாகத் தெரிந்தது.

மல்லிகா அத்தை, 8:13
என்ன நூல்?

நிவேதா, 8:13
*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

மல்லிகா அத்தை, 8:14
நிவேதா. என்ன நிற நூல்?

நிவேதா, 8:16
காற்றோட்டம் கண்ணுக்குத் தெரிய விங் முழுவதும் நான்கு விரற்கடைத் துண்டாக நறுக்கி டேப் போட்டு ஒட்டுவோம் அத்தை... வெள்ளை விங்கில் பச்சைதான் நன்றாகத் தெரியும் 🙈

மல்லிகா அத்தை, 8:17
நறுக்கியா?

சண்முகம் மாமா, 8:18
மேலே தொங்கவிட அலுமினியத் தகடு பட்டறையில் இருக்கிறது கண்ணு. திங்கட்கிழமை வரைபடத்தோடு வா.

மல்லிகா அத்தை, 8:19
திங்கள் பட்டறைக்குப் போகலாம். நாளை ஐந்தரைக்கு வந்து தேங்காய் துருவ வேண்டும், ஐந்து சாதத்துக்கும்.