இல்லாத காலில் அரிப்பு: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

வத்தலக்குண்டான்:

அப்பாவுக்குச் சர்க்கரை. செருப்பு கடித்த புண் ஆறவே இல்லை. கறுத்து, மேலே ஏறி, கடைசியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்கு வந்த நாலாம் நாள், ராத்திரி ரெண்டு மணி இருக்கும், அம்மா என்னை எழுப்பினார். "அப்பாவுக்குக் கால் அரிக்குதாம்டா. எந்தக் கால்னு வந்து கேளு."

எடுத்த கால்தான். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில். போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடக்கிறது. அப்பா அதையே பார்த்தபடி பல்லைக் கடிக்கிறார். நான் நரம்பு, மூளை என்று ஏதோ விளக்க ஆரம்பித்தேன். அம்மா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் மெத்தையைச் சொறிந்தார். "இன்னும் கொஞ்சம் கீழே" என்றார் அப்பா. அப்புறம் தூங்கிவிட்டார்.

அரிப்பைவிடக் கொடுமை வலி. விரல்கள் உள்பக்கமாக மடங்கி இறுகிக்கொண்டு பிரியவே மாட்டேன் என்கின்றன என்பார். கை கால் இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு இது உண்டாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களைப் பார்த்த சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 1871-லேயே இதை எழுதிவிட்டார். 'மாய உறுப்பு' என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

பிசியோதெரபிஸ்ட் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னார். கண்ணாடிக் கடையில் நாலடிக்கு ஒன்றரையடி வெட்டி, ஓரம் தேய்த்து வாங்கி வந்தேன். இரண்டு காலுக்கும் நடுவில் நீளவாக்கில் நிறுத்த வேண்டும். வலது காலின் பிம்பம் இடது கால் இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். அப்பா வலது கால் விரல்களை மெதுவாக விரித்தார். கண்ணாடிக்குள் இடது கால் விரிந்தது. "விரியுதுடா" என்றார். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தினமும் கால் மணி நேரம், மூன்று வாரம். வலி பாதியாகக் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. சிலருக்குத் துளிகூடப் பலன் இருக்காது என்றும் முன்பே சொல்லிவிட்டார்கள். இந்தக் கண்ணாடி வித்தையை 1990-களில் கொண்டு வந்த நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பிசியோதெரபிஸ்டும் ஸ்டான்லி ஆள் போலிருக்கிறது, அதை மூன்று தடவை சொன்னார்.

என் உடம்பு இங்கே முடிகிறது என்று எதை வைத்து நம்புகிறோம்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். பேய்க் கதை மட்டும் வேண்டாம்.

கரும்புக்காடு:

எங்கள் சித்தப்பாவுக்குக் கரும்பு ஆட்டும் மெஷினில் வலது கை போய்விட்டது. சலூனில் கன்னத்தில் கத்தி படும்போதெல்லாம் "சுண்டுவிரல் கூசுதுப்பா" என்பார். சவரம் செய்கிறவர் பயந்துபோய் மந்திரிக்கச் சொன்னார். சங்கதி இதுதான்: மூளையில் தொடுவுணர்வுக்கு ஒரு வரைபடம் உண்டு. அதில் கைக்கான இடமும் முகத்துக்கான இடமும் பக்கத்துப் பக்கத்து வயல். கையிலிருந்து சேதி வருவது நின்றால் முகம் வரப்பைத் தாண்டி உள்ளே வந்துவிடுகிறது. ராமச்சந்திரன் பஞ்சுக் குச்சியால் கன்னத்தைத் தொட்டுத் தொட்டு இல்லாத விரல்களைக் குறித்திருக்கிறார். இதைச் சொன்ன நாளிலிருந்து, விரல் அரித்தால் சித்தப்பா கன்னத்தைச் சொறிந்துகொள்கிறார்.

ரெட்டைச்சடை:

பாப்பாவுக்கு மூணு மாசம். அம்மாவிடம் விட்டுவிட்டு பேங்க் வேலையாகப் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் பின் சீட்டில் யாரோ ஒருத்தர் குழந்தை வீறிட்டது. அரை நிமிஷம் ஆகியிருக்காது, மார்பில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு சிலிர்ப்பு, ஜாக்கெட் நனைந்துவிட்டது. அது என் பிள்ளை இல்லை என்று எனக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை. அழுகைச் சத்தம் கேட்டாலே ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பாலை வெளியே தள்ளுமாம். யார் வீட்டு அழுகை என்று அது விசாரிக்காது போல. பக்கத்திலிருந்த பாட்டி ஒன்றும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மேல் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்கழி:

இதை இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. 1999-இல் எனக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. ஆண் குழந்தை.

கருவில் இருக்கும் பிள்ளையின் செல்கள் தாயின் ரத்தத்தில் கலக்கும், பல வருஷம் தங்கும் என்று பின்னால் படித்தேன். டயானா பியாங்கி குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவமாகி 27 வருஷமான ஒரு தாயின் ரத்தத்தில்கூட ஆண் செல்கள் இருந்திருக்கின்றன. மகன் என்றால் பெண் உடம்பில் இல்லாத ஒய் குரோமோசோமை வைத்துக் கண்டுபிடிப்பது சுலபம். 2012-இல் வந்த இன்னொரு ஆய்வில், இறந்துபோன 59 பெண்களின் மூளையைச் சோதித்ததில் 63 சதவீதம் பேரிடம் ஆண் டி.என்.ஏ. கிடைத்தது. அதனால் நல்லதா கெட்டதா என்று இன்னும் முடிவாகவில்லை. எனக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. படித்த அன்றைக்குச் சோறு வடிக்க மறந்துவிட்டேன், குழைந்துபோனது.

ஒன்பதாம் வகுப்பு டீச்சர்:

@மார்கழி, என்ன எழுதுவதென்று தெரியவில்லை அக்கா. படித்தேன்.

நான் வகுப்பில் செய்ததைச் சொல்கிறேன். ரப்பர் கையுறையில் பஞ்சை அடைத்து மேஜைமேல் வைத்தேன். பையனின் நிஜக் கையை அட்டைக்குப் பின்னால் மறைத்தேன். இரண்டு கையையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், இரண்டு பிரஷ்ஷால் தடவ வேண்டும். இரண்டு நிமிஷம் போனதும் ஸ்டீல் ஸ்கேலால் கையுறையை ஓங்கி அடித்தேன். பையன் "அய்யோ டீச்சர்" என்று நிஜக் கையை இழுத்துக்கொண்டான். 1998-இல் போட்வினிக், கோஹன் இருவரும் செய்த சோதனையிலிருந்து எடுத்தது. ஸ்கேல் மட்டும் என் சரக்கு. பன்னிரண்டு பேரில் மூன்று பேருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதில் ஒருத்தன் "கையுறை நாறுது டீச்சர்" என்றான்.

ஆக்டிவா அண்ணாச்சி:

பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் வண்டியை நுழைக்கும்போது நான் வயிற்றை எக்கிக்கொள்கிறேன். வண்டிக்கு வயிறு ஏது? பின்னால் ஒருத்தன் லேசாக உரசினாலும் "என்னய இடிச்சிட்டான்" என்றுதான் வாயில் வருகிறது.

வத்தலக்குண்டான்:

எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அண்ணாச்சி எழுதியதற்குச் சிரித்தார். மார்கழி அக்கா எழுதியதை அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

அப்பாவின் இல்லாத பாதம் இப்போது மேலே ஏறி முழங்காலை ஒட்டி வந்துவிட்டதாம், சின்னப் பிள்ளைப் பாதம் மாதிரி. இதுவும் பலருக்கு நடப்பதுதான் என்றார் டாக்டர். போன வாரம் ஜெய்ப்பூர் கால் மாட்டிவிட்டார்கள். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் பையன் ஓடி வந்து அந்த ரப்பர் பாதத்தை நன்றாக மிதித்துவிட்டான். அப்பா "ஸ்ஸ்" என்று காலை இழுத்தார். இழுத்த பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தார். என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அம்மா தரையில் உட்கார்ந்து அந்த ரப்பர் பெருவிரலைத் தேய்த்துவிட ஆரம்பித்துவிட்டார்.