தோமையார் கல்லறைக்கு அம்மாவை அழைத்துச் சென்ற நாள்

குன்னூரில் வாழும் எங்கள் குடும்பத்துக்குத் திருத்தலம் என்றால் அது உதகையின் காந்தல் குருசடிதான். ஆண்டவர் அறையப்பட்ட சிலுவையின் சிறு துண்டு திருப்பண்டமாக இருக்கும் அந்த ஆலயத்துக்கு, மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையேனும் அம்மா பஸ் ஏறிவிடுவார். ஆனால், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த காலத்திலிருந்தே அவர் மனத்தில் இருந்த இன்னொரு இடம், இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான தோமையாரின் கல்லறை உள்ள சென்னைச் சாந்தோம். தோமையார் கல்லறை மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் காய்ச்சல் தணியும் என்று என் பாட்டி அவரிடம் சொல்லியிருந்தார். அந்த நம்பிக்கையை 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோவே எழுதிவைத்திருக்கிறார் என்பதை நான் வெகுகாலம் கழித்தே படித்தறிந்தேன்.

தோமையார் திருவிழாவாகிய ஜூலை 3ஆம் தேதி கூட்டம் மிகுந்திருக்கும் என்பதால், அடுத்த வாரத்தில் மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸில் புறப்பட்டோம். மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. சென்னையில் இறங்கியதும் அம்மா ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். அந்தப் பையில் மூடியுள்ள சிறிய எவர்சில்வர் டப்பா ஒன்றும் இருந்தது. எதற்கென்று நான் கேட்கவில்லை.

1896இல் கட்டி முடிக்கப்பட்டு, 1956இல் பேராலயமாக உயர்த்தப்பட்ட அந்த வெண்ணிறக் கோவிலில் சற்று நேரம் அமர்ந்துவிட்டு, கல்லறைச் சிற்றாலயத்துக்குப் படியிறங்கினோம். வாகனங்கள் ஓயாத சாலைக்கு இவ்வளவு அருகில் அத்தனை அமைதி இருக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை. படுத்த நிலையிலுள்ள தோமையார் சுரூபத்தின் முன்னே அம்மா முழந்தாளிட்டார். கொழுந்து பறித்துக் காய்ப்பேறிய விரல்கள் ஜெபமாலையில் நகர்ந்துகொண்டிருந்தன. வெளியே வந்ததும், திருத்தூதரின் உடல் எச்சங்களில் பெரும்பகுதி முற்காலத்திலேயே இன்றைய துருக்கியிலுள்ள எதெஸ்ஸாவுக்குக் கொண்டுபோகப்பட்டது என்றும், 1258 முதல் அவை இத்தாலியின் ஓர்தோனாவில் இருப்பதாகப் போற்றப்படுகின்றன என்றும் நான் படித்ததைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று உடனே வருந்தினேன்.

அம்மாவின் முகம் சிறிதும் வாடவில்லை. “இருக்கட்டும் தம்பி. அவரைப் படுக்க வச்ச எடம் இதுதானே? இந்த எடத்தை யாராலயும் தூக்கிட்டுப் போக முடியாதே” என்றார். ஆண்டவரின் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற தோமையாரைவிட, எதையுமே தொடாமல் நம்பியிருக்கும் என் அம்மாவை நான் அன்று வியந்து பார்த்தேன்.

கல்லறை மண் வேண்டும் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. கோவிலின் பின்புறம் கடலோரத்தில் தோமையார் கம்பம் நிற்கிறது. 2004 சுனாமியின்போது கடல்நீர் அதைத் தாண்டி வரவில்லை என்பது அங்குள்ள மக்களின் உறுதியான நம்பிக்கை. அதைச் சொல்லக் கேட்டதும், அம்மா குனிந்து ஒரு பிடி கடல்மணலை அள்ளி டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கிக் கொண்டார்.

இப்போது அது குன்னூரில், இயேசுவின் திரு இருதயப் படத்தின் கீழே இருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது, அம்மா முதலில் அவர்களை டாக்டரிடம் அனுப்பினார். பிறகு அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்லி முடித்தார்.