மோஸ் அறுவைக்கு ஓராண்டு ஃபெலோஷிப் கட்டாயமா?

கொங்குக்காரன்:
நான் டாக்டர் இல்லை. அமெரிக்காவில் ஒரு ஸ்கின் கிளினிக்கில் பில்லிங் பார்க்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். முகத்தில் வரும் தோல் புற்றை ஓர் அடுக்கு வெட்டி எடுத்து, நோயாளி வெளியே காத்திருக்கும்போதே மைக்ராஸ்கோப்பில் ஓரம் முழுக்கப் பார்த்து, மிச்சம் தெரியும் இடத்தில் மட்டும் மறுபடி வெட்டுவதுதான் மோஸ். 2018-ல் இதைத் தனித் துணைத்துறையாக அங்கீகரித்தார்கள். 2021-ல் முதல் போர்டு தேர்வு, அதாவது சான்றிதழ் தேர்வு. ஃபெலோஷிப் (தோல் மருத்துவம் படித்தபின் எடுக்கும் ஓராண்டு மோஸ் பயிற்சி) இல்லாமலே மோஸ் செய்துவந்தவர்களும் முதல் ஐந்து ஆண்டு தேர்வு எழுதலாம், அப்புறம் ஃபெலோஷிப் முடித்தவர்களுக்கு மட்டும் என்று ஏற்பாடு. கதவை இப்படிச் சாத்துவது சரியா? எங்கள் கிளினிக்கிலேயே இரண்டு டாக்டர்கள் இதனால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மேற்குடெக்சாஸ்:
ஃபெலோஷிப் படிக்காமல் மோஸ் செய்கிறவன் நான். சான்றிதழ் இல்லாவிட்டால் மோஸ் செய்யக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பயமெல்லாம் இன்சூரன்ஸ்காரன்மேல்தான். நாளைக்கே அவன் "சான்றிதழ் இருக்கிறவர்தான் எங்கள் நெட்வொர்க்கில்" என்று ஒரு கடிதம் போட்டால் கதை முடிந்தது. என்னிடம் வருகிறவர்கள் பருத்தி விவசாயிகள், எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்த பெரியவர்கள். வாழ்நாள் பூராவும் வெயிலில் நின்றவர்கள். கன்னத்தில் சின்னதாக ஒரு பேசல் செல் கட்டி, மெதுவாக வளரும் தோல் புற்று. அதற்காக எண்பது வயதுக்காரரை அரைநாள் கார் ஓட்டி நகரத்துக்குப் போகச் சொல்ல வேண்டுமா?

ஃபெலோஷிப் என்கிறார்களே, பல இடங்களில் அது ஒரு டைரக்டரும் அவருக்குக் கீழே ஒரு ஃபெலோவும்தான். குரு நன்றாக அமைந்தால் சரி, அமையாவிட்டால்? அதோடு, 1930-களில் விஸ்கான்சினில் மருத்துவ மாணவனாக இருந்தபோதே இந்த முறைக்கு வித்திட்ட ஃப்ரெடரிக் மோஸ் எந்த ஃபெலோஷிப் படித்தார்?

ஸ்லைடுபித்தன்:
மோஸ் செய்தது வேறு. ஜிங்க் குளோரைடு பசையைப் பூசி, திசு உடம்பிலேயே இறுகியபிறகு வெட்டினார். ஓர் அடுக்குக்கு ஒரு நாள் ஆகும். நோயாளிக்கு வலி உயிர் போகும். பசையில்லாமல் பச்சைத் திசுவையே உறையவைத்துப் பார்க்கும் இன்றைய முறை பரவியது 1970-களில். அவர் பெயரைச் சொல்லிப் படிப்பு வேண்டாம் என்பது சரியில்லை, டாக்டர்.

நீங்கள் கத்தியைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்த ஒரு வருஷம் கத்திக்காக அல்ல, ஸ்லைடுக்காக. சாதாரணமாக லேபுக்குப் போகிற திசுவை ரொட்டி வெட்டுவதுபோல் துண்டு போட்டுப் பார்ப்பார்கள். ஓரத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் கண்ணில் படாது. மோஸில் 45 டிகிரி சாய்வாக வெட்டி, பக்க ஓரத்தையும் அடிப்பக்கத்தையும் ஒரே மட்டத்தில் படியவைத்து, திசை மாறாமலிருக்க மையிட்டு, கிரையோஸ்டாட்டில் (உறைந்த திசுவைச் சீவும் கருவி) சீவுகிறோம். தோலின் விளிம்பு ஒரு துளி மடங்கிப்போனால் அந்த இடம் ஸ்லைடிலேயே இருக்காது. சுத்தம் என்று எழுதித் தையலும் போட்டுவிடுவோம், புற்று உள்ளே இருக்கும். மூக்கு நுனியில் மயிர்க்கால் குறுக்காக வெட்டுப்பட்டால் அச்சு அசல் பேசல் செல் மாதிரியே தெரியும். நரம்பைச் சுற்றி ஊர்ந்துபோன ஸ்குவாமஸ் செல் புற்றோ (இன்னொரு வகைத் தோல் புற்று) அழற்சி செல் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். இதையெல்லாம் குறைந்தது 500 கேஸ், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து திருத்தத் திருத்தப் பார்க்க வேண்டும். ஏனென்றால் மோஸில் வெட்டுகிறவர்தான் ஸ்லைடும் படிக்கிறார். தப்பைப் பிடிக்க இரண்டாவது ஆள் கிடையாது.

கொங்குக்காரன்:
அது உண்மை. வெட்டுகிறவரும் படிக்கிறவரும் வேறு வேறு ஆள் என்றால் அந்த பில்லிங் கோடையே போட முடியாது.

மேற்குடெக்சாஸ்:
இத்தனை வருஷமாக என் நோயாளிகள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

ஸ்லைடுபித்தன்:
எத்தனை பேரைப் பத்து வருஷம் கழித்துப் பார்த்தீர்கள்? நெதர்லாந்தில் முகத்துப் பேசல் செல் புற்றுக்கு மோஸையும் சாதாரண அறுவையையும் ஒப்பிட்டு ஆய்வு செய்தார்கள். முதல் முறை வந்த புற்றுக்குப் பத்தாண்டில் திரும்பி வந்தது மோஸில் 4.4 சதவீதம், சாதாரண அறுவையில் 12.2 சதவீதம். அப்படித் திரும்பியவற்றில் பாதிக்கு மேல் வந்தது ஐந்து வருஷம் தாண்டித்தான். நாம் விட்ட புற்று நம்மிடமே திரும்பி வரும் என்று என்ன நிச்சயம்? அதற்குள் பெரியவர் மகள் வீட்டோடு வேறு மாநிலத்துக்குப் போயிருப்பார்.

மேற்குடெக்சாஸ்:
நல்ல ஆய்வுதான். ஆனால் அது மோஸ் நல்லதா என்றுதான் கேட்டது. ஃபெலோஷிப் படித்தவர் செய்த மோஸ், படிக்காதவர் செய்த மோஸ் என்று ஒப்பிடவில்லை. அந்த ஒப்பீட்டைக் காட்டுங்கள், வாயை மூடிக்கொள்கிறேன்.

இன்னொன்று. ஒரு கேஸுக்குச் சராசரியாக எத்தனை அடுக்கு வெட்டுகிறார்கள் என்று உங்கள் மோஸ் கல்லூரியே (மோஸ் சர்ஜன்களின் சங்கம்) கணக்கெடுத்து, அளவு மீறியவர்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் போட்டது. 2019-ல் வெளியானது. கடிதம் போனது கல்லூரி உறுப்பினர்களுக்கு, அதாவது ஃபெலோஷிப் முடித்தவர்களுக்கு. அடுக்குக்கு அடுக்கு காசு வரும்போது படிப்பு கையைக் கட்டிப்போடுவதில்லை. ஆஸ்திரேலியாவைப் பாருங்கள், குவீன்ஸ்லாந்தில் தோல் புற்றில் பெரும்பகுதியை வெட்டியெடுப்பது ஊர் ஜிபி, அதாவது பொது மருத்துவர். அங்கே வானம் இடிந்து விழவில்லை.

தையல்காரன்:
பிளாஸ்டிக் சர்ஜன் பேசுகிறேன். இரண்டு பேருமே வெட்டியதைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். பாதி மூக்கு போனபின் நெற்றியிலிருந்து ஃபிளாப் (ரத்தக்குழாயோடு சேர்ந்த தோல் துண்டு) எடுத்து, மூன்று வாரம் காம்போடு விட்டுவைத்து அப்புறம் அறுக்க வேண்டும். அதை யாரிடம் கற்றீர்கள் என்று சொல்லிவிட்டுச் சண்டை போடுங்கள்.

வைகைக்கரை:
மதுரையிலிருந்து. உங்கள் சண்டை எங்களுக்கு வேறு கிரகம். மூன்று வருஷ எம்.டி.யில் நாங்கள் வெட்டியது வெண்புள்ளிக்கு கிராஃப்ட், நக அறுவை, பருத் தழும்பு, அவ்வளவுதான். 500 மோஸ் கேஸ் காட்டினால்தான் சான்றிதழ் என்றால் இங்கே ஒருத்தருக்கும் கிடைக்காது. எங்களிடம் வரும் மெலனோமா (நிறமிச் செல்லில் வரும் தோல் புற்று) முகத்தில் இருக்காது, குதிகாலில் இருக்கும். கால் ஆணி என்று மாசக்கணக்கில் பிளேடால் சீவி, கார்ன் பிளாஸ்திரி ஒட்டி, புண்ணாகி நீர் வடிந்தபின் செருப்பைக் கழற்றிக் காட்டுவார்கள். அப்போது தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கும். நேரே கேன்சர் சர்ஜனிடம் அனுப்ப வேண்டியதுதான். இங்கே ஒரு ஃபெலோஷிப் ஆரம்பித்தால் உள்ளங்காலில் டெர்மாஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ்) வைத்துப் பார்க்கவும், எந்த இடத்தில் பயாப்சி எடுப்பது என்றும் முதலில் சொல்லித் தரட்டும். கிரையோஸ்டாட் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்லைடுபித்தன்:
வைகைக்கரை சார் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். கேஸ் இல்லாத ஊரில் அமெரிக்கப் பாடத்திட்டத்தை அப்படியே நகலெடுப்பது வீண். ஆனால் மேற்குடெக்சாஸ் டாக்டருக்குக் கேஸ் பஞ்சம் இல்லையே. சந்தேகமான ஸ்லைடை என்ன செய்கிறீர்கள்?

மேற்குடெக்சாஸ்:
டெர்மட்டோபத்தாலஜிஸ்டுக்கு, அதாவது தோல் திசு ஸ்லைடு படிக்கும் நிபுணருக்கு அனுப்புவேன்.

ஸ்லைடுபித்தன்:
சந்தேகம் வந்ததைத்தானே அனுப்புவீர்கள். எனக்குப் பயம் உங்களுக்குச் சந்தேகமே வராத ஸ்லைடைப் பற்றி.

மேற்குடெக்சாஸ்:
அப்படியென்றால் இதற்கு வாருங்கள். சான்றிதழ் இருக்கிறவர், இல்லாதவர் எல்லாரும், சந்தேகமே இல்லாத ஸ்லைடுகளிலிருந்து குலுக்கல் முறையில் சிலதை எடுத்து வருஷா வருஷம் வெளியாளுக்கு அனுப்பட்டும். எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை வெளியிடுவோம். நான் நாளைக்கே தயார். உங்கள் கல்லூரிக்காரர்கள் தயாரா?

ஸ்லைடுபித்தன்:
நான் தயார். கல்லூரிக்காக நான் கையெழுத்துப் போட முடியாது. கதவைத் திறந்துவிட இது போதும் என்றும் நான் சொல்லவில்லை.