கெக்கோவுக்கு முட்டை ஓட்டுத் தூள் போதுமா?

கேள்வி:
லெப்பர்ட் கெக்கோ (பல்லி வகை) ஒன்று, சிவப்புக் காது ஆமை ஒன்று வளர்க்கிறேன். கெக்கோவுக்கு கிரிக்கெட் பூச்சியும் மீல்வார்ம் புழுவும்தான் தீனி. கடை கால்சியத்துக்குப் பதில் முட்டை ஓட்டை அரைத்துப் போட்டால் போதுமா? எலும்புத் தூளும் கைவசம் இருக்கிறது, சேர்க்கலாமா? கூண்டில் இருப்பது சாதாரண எல்இடி விளக்கு.

பதில் 1:
கால்சியத்துக்குப் போதும். முட்டை ஓடு ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். கடைப் பவுடரிலும் பெரும்பாலும் அதுவேதான். ஒரு கோழி முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் தேறும்.

ஓட்டைக் கழுவி, உள்சவ்வை உரித்துவிடுங்கள். சவ்வு தங்கினால் தூள் நாறும், பூஞ்சை பிடிக்கும். கொதிநீரில் 10 நிமிடம் போடுங்கள் (சால்மோனெல்லா கிருமி சாக). பிறகு மின் அடுப்பில் (ஓவனில்) 100 முதல் 120 டிகிரியில் 15 நிமிடம். மொறுமொறுவென நொறுங்க வேண்டும். மிக்ஸியின் சின்ன ஜாரில் அரைத்து, தூசி அடங்கியபின் மூடியைத் திறந்து, மெல்லிய துணியில் சலியுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி வழுக்க வேண்டும். நறநறத்தால் மறுபடி அரைக்க வேண்டியதுதான், கரகரப்பான தூள் பூச்சியில் ஒட்டாது. நேரடி நெருப்பில் போட்டுச் சுடாதீர்கள். மிக அதிகச் சூட்டில் ஓடு சுண்ணாம்பாகிவிடும், அது வாயைப் புண்ணாக்கும்.

பதில் 2:
எலும்புத் தூளைத் தூக்கி ஓரமாக வையுங்கள். தீனியில் கால்சியம் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு இருப்பது நல்லது, குறைந்தது ஒன்றரை மடங்கு. கிரிக்கெட்டிலும் மீல்வார்மிலும் கதை தலைகீழ், பாஸ்பரஸ்தான் பல மடங்கு அதிகம். எலும்பிலோ அந்த விகிதமே ஏறக்குறைய 2:1. அதை எவ்வளவு கொட்டினாலும் கூடவே பாஸ்பரஸும் ஏறும், பற்றாக்குறை சரியாக அடையாது. முட்டை ஓட்டில் பாஸ்பரஸ் மிகக் குறைவு, அதனால்தான் அது உதவுகிறது.

உண்மையான சிக்கல் உங்கள் எல்இடி. வைட்டமின் டி3 இல்லாமல் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. தோல் டி3 தயாரிக்க 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான யூவிபி (புற ஊதா பி) ஒளி வேண்டும், அது எல்இடியில் வராது. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலிலும் கிடைக்காது. யூவிபி விளக்கு போடுங்கள், இல்லையென்றால் ஊர்வனவற்றுக்கான டி3 கலந்த பவுடரை லேபிளில் சொன்ன இடைவெளியில் கொடுங்கள். இதை மட்டும் வீட்டில் செய்ய முடியாது. மனிதர்களுக்கான டி3 சொட்டு மருந்தைக் கலக்கவே கூடாது. 60 கிராம் உடம்புக்கு ஒரு சொட்டே அதிகமாகலாம், மிஞ்சினால் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாயிலும் கால்சியம் படியும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தூள் கிரிக்கெட்டில் ஒட்டுகிறது, மீல்வார்மில் நிற்கவில்லை. ஆமைக்கு என்ன செய்வது?

பதில் 1:
மீல்வார்மின் உடம்பு வழவழப்பு, ஒட்டுவது கஷ்டம்தான். கொடுப்பதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பு அதன் தீனியிலேயே தூளைக் கலந்துவிடுங்கள். கிரிக்கெட்டை ஒரு சிட்டிகை தூளோடு பையில் போட்டுக் குலுக்கி உடனே கொடுங்கள். விட்டுவைத்தால் காலால் துடைத்துக்கொள்ளும்.

ஆமைக்குத் தூள் வீண், தண்ணீரில் கலைந்து போகும். கணவாய் மீன் ஓட்டின் கெட்டியான பின்பக்கத்தைச் செதுக்கிவிட்டு மிதக்கவிடுங்கள். கடித்துக்கொள்ளும். ஆனால் ஆமைக்கும் யூவிபி கட்டாயம்.

பதில் 3:
ஒன்றைச் சேர்க்கிறேன். தாடை ரப்பர் மாதிரி வளைவது, விரல் துடிப்பது, வயிற்றைத் தரையிலிருந்து தூக்க முடியாமல் நடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தூளை நம்பி உட்கார வேண்டாம். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுங்கள். போகும்போது காலையோ வாலையோ பிடித்துத் தூக்காமல் முழு உடம்பையும் உள்ளங்கையில் தாங்குங்கள். கால்சியம் குறைந்த அந்த நிலையில் எலும்பு சுலபமாக முறியும்.